இல்லைன்னு காட்டுன ஸ்கிரீன்

புத்திமதி சொல்ல எனக்கு வராது, திட்டத்தான் வரும். அது தெரிஞ்சும் செந்தில் போன் பண்ணி, "புதுசா சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா"ன்னு கேட்டான். அவன் இன்னிக்கு உங்களுக்கெல்லாம் மேனேஜர். என்கூட வேலை பாத்தப்ப பக்கத்து நாற்காலி. ரிட்டயர் ஆகி நிம்மதியா இருக்கிறவளைக் கிளறி விட்டுட்டான். எழுதுறதுன்னா உன் தங்கச்சி விஷயத்தைத்தான் எழுதுவேன்னு சொன்னேன். அப்புறம், "அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்க்கா"ன்னான். மறுநாள் சரின்னு சொன்னான். அதான் எழுதுறேன்.

நீங்க இப்ப கத்துக்கிட்டு இருக்கிறது, ரெண்டு கம்பெனி சர்வர் ஒண்ணோடொண்ணு பேசிக்கிற சோப் சர்வீஸைக் கூப்பிட ஜாவா கிளாஸ், அதான் புரோகிராம் துண்டு, உண்டாக்குற வேலை. என் வீட்டுக்காரர் சொந்தக்காரங்க கிட்ட எல்லாம் நான் சோப்பு சம்பந்தமா ஏதோ வேலை பாக்குறேன்னு சொல்லி வச்சிருந்தார். ஒரு கல்யாண வீட்டுல ஒரு சித்தி என்னை ஓரமாக் கூப்பிட்டு, மொத்தமா வாங்குனா கொறைச்சுத் தருவாங்களான்னு கேட்டுச்சு. அது கெடக்கட்டும். எதிர்ப்பக்கத்து கம்பெனி ஒரு டபிள்யூ.எஸ்.டி.எல். ஃபைல் அனுப்புவாங்க. எங்க சர்வர்கிட்ட இன்னதைக் கேட்கலாம், இன்ன மாதிரி பதில் வரும்னு சொல்ற ஒப்பந்தம் அது. அதை எடுத்து, கிளாஸ் எழுதித் தர்ற கருவிகிட்ட கொடுத்தா கிளாஸ் கிளாஸா வந்து விழும். நீங்க ஒரு வரி எழுத வேண்டாம். எழுதாததுனால யாரும் அதைத் திறந்து படிக்கிறதும் கிடையாது. நாங்களும் படிக்கலை.

அப்ப நம்ம ஆபீஸ் புதுக்கோட்டையில ஒரு பாத்திரக் கடைக்கு மேல மாடியில இருந்துச்சு. டவுன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதோட கைகோத்துக்கிட்டு கறம்பக்குடி, குளத்தூர், வல்லத்திராக்கோட்டைன்னு சுத்துவட்டாரத்துல சின்னச் சின்ன நர்சிங் ஹோம். மாசமா இருக்கிற பொண்ணுங்க செக்கப்புக்கு டவுனுக்கு வருவாங்க, பிரசவத்துக்கு வீட்டுப் பக்கத்துலயே சேந்துக்குவாங்க. அங்க இருக்கிற நர்ஸு நோயாளி நம்பரைத் தட்டுனா, டவுன் ஆஸ்பத்திரியில இருக்கிற விவரமெல்லாம் ஸ்கிரீன்ல வரணும். ரத்த குரூப்பு, சுகரு, எந்த மருந்து ஒத்துக்காதுங்கிறது எல்லாம். அந்த ஸ்கிரீன் நாங்க பண்ணுனது. டவுன் ஆஸ்பத்திரியோட சர்வர் வேற ஒரு வெளியூர் கம்பெனி பண்ணுனது. ரெண்டுக்கும் நடுவுல பாலமா இருந்தது கருவி போட்டுத் தந்த அந்தக் கிளாஸ்கள்தான்.

ஒருநாள் வெளியூர் கம்பெனியில இருந்து மெயில் வந்துச்சு. சர்வர்ல சின்ன மாத்தம் பண்ணியிருக்கோம், புது டபிள்யூ.எஸ்.டி.எல். இணைச்சிருக்கோம், பழசை வச்சிருக்கவங்களுக்கு எதுவும் உடையாதுன்னு போட்டிருந்துச்சு. நம்ம ஆபீஸ்ல அப்ப ஒரு வழக்கம் உண்டு. ஓடுற வண்டியில கை வைக்காதேம்பாங்க. ஓட்டிப் பாத்தோம், ஓடுச்சு. எரர் ஒண்ணும் வரலை. தப்பு நடந்தா பதிவாகுற லாக்கும் சுத்தமா இருந்துச்சு. அப்படியே விட்டாச்சு.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில செந்தில் வந்ததுல இருந்தே நிலைகொள்ளாம இருந்தான். அவன் தங்கச்சி கவிதாவைக் கறம்பக்குடி நர்சிங் ஹோம்ல சேத்திருந்தாங்க. ரெண்டாவது பிரசவம். தலைப்பிரசவம் அம்மா வீடு, ரெண்டாவது மாமியார் வீடுன்னு உங்க வீடுகள்லயும் இருக்கும். மாப்பிள்ளை துபாய்ல. அதனால கூட இருந்தது மாமியார் மட்டும். முதல் பிரசவத்துக்குப் பெத்தவ கூட இருந்து ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லியிருந்துச்சு. இந்தத் தடவை பெத்தவ ஊர்ல.

"குழந்தைக்குத் தண்ணி கம்மியா இருக்காம்க்கா, ஆபரேஷன்தானாம். ஹீமோகுளோபின் ரிசல்ட் வந்துருச்சான்னு பாக்குறேன்"னு சொல்லிக்கிட்டே நம்ம ஸ்கிரீன்ல அவ நம்பரைத் தட்டினான். எல்லாம் வந்துச்சு. பாத்துட்டுச் சிரிச்சான்.

"இங்க பாருங்கக்கா கூத்தை. பென்சிலின் அலர்ஜி இல்லைன்னு போட்டுருக்கு. சின்னதுல ஒரு ஊசி போட்டு இவ மூஞ்சி பூசணிக்காயா வீங்கி, எங்க ஆத்தா ரோட்டுல விழுந்து அழுதுச்சு. டவுன் ஆஸ்பத்திரியில நாந்தான் எழுதிக் கொடுத்தேன்."

"நீ எழுதிக் கொடுத்ததை அவங்க ஏத்தலையோ என்னமோ"ன்னேன்.

"ஏத்துனாங்கக்கா. போன மாசம் இதே ஸ்கிரீன்ல 'உண்டு'ன்னு இருந்துச்சு. நானே பாத்தேன்."

அவன் சிரிப்பு நின்னது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. நான் வேற ஒரு நோயாளி நம்பரைத் தட்டினேன். இல்லை. இன்னொண்ணு. இல்லை. குளத்தூர்ல ஒருத்தர், வல்லத்திராக்கோட்டையில ஒருத்தர், யாரைத் தட்டினாலும் இல்லை, இல்லை, இல்லை. மாவட்டத்துல ஒருத்தருக்கும் பென்சிலின் ஒத்துக்காம இல்லையாம்.

சர்வர்ல இருந்து வர்ற பதிலை கிளாஸுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பிடிச்சுப் பாத்தேன். பென்சிலின் அலர்ஜின்னு முன்னாடி ஒரு இடம் இருக்கும், உண்டா இல்லையான்னு. அந்த இடத்தையே காணோம். அதுக்குப் பதிலா கீழே புதுசா ஒரு பட்டியல், அதுக்குள்ள பென்சிலின்னு தெளிவா இருந்துச்சு. கவிதா பேர்லதான். அந்த வெளியூர் கம்பெனி, பழைய பெட்டியைக் காலி பண்ணி எல்லாத்தையும் புதுப் பெட்டியில வச்சிருக்கு. எங்க பழைய கிளாஸுக்குப் புதுப் பெட்டி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தெரியாததைக் கண்டா அது சத்தம் போடாமத் தாண்டிப் போயிரும். பழைய பெட்டி வரலைன்னா, எங்கன்னு கேட்கவும் கேட்காது. அந்த இடத்துக்கு எங்க கிளாஸ் வச்சிருந்த வகைக்குப் பேரு சின்ன எழுத்து பூலியன், அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே பதில். ஒண்ணும் வரலைன்னா ஃபால்ஸ்னு, அதாவது பொய்யின்னு, வச்சுக்கும். அந்த ஃபால்ஸுக்கு ஸ்கிரீன்ல நாங்க போட்டிருந்த வார்த்தைதான் 'இல்லை'.

நம்ம பாஷையில அந்த வார்த்தை எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. பணம் இல்லைன்னாலும் இல்லை, பொய்யின்னு சொல்லணும்னாலும் இல்லை, ஆளு வீட்டுல இல்லைன்னாலும் இல்லை. விவரம் இங்க இல்லைங்கிறதுக்கும், வியாதி இல்லைங்கிறதுக்கும் ஒரே வார்த்தை. டிசைன் பண்ணுனப்ப ஒருத்தருக்கும் உறுத்தலை.

ஆபரேஷன்னா முன்னாடியே பென்சிலின் ஊசி போட்டுருவாங்களேன்னு செந்தில் அதுக்குள்ள நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டுட்டான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்.

"சிஸ்டர், நான் கவிதாவோட அண்ணன் பேசுறேன். அவளுக்குப் பென்சிலின் அலர்ஜி இல்லைன்னு உங்க ஸ்கிரீன்ல வருதுல்ல, அது இல்லைங்க."

"ஆமாங்க சார், இல்லைன்னுதான் வருது. பாத்துட்டோம்."

"ஐயோ, அது இல்லைங்க சிஸ்டர். அந்த இல்லைன்னு வர்றது இல்லை."

"அதான் சார் நானும் சொல்றேன், இல்லை. டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு. நீங்க பயப்படாதீங்க. தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறோம், வைக்கிறேன்."

வச்சிட்டாங்க. அந்த நர்ஸுப் பொண்ணு மேல என்ன தப்பு? பதறிப்போன ஒரு அண்ணனுக்கு அது தைரியம் சொல்லுச்சு. செந்தில் போனையே பாத்துக்கிட்டு நின்னான். "நான் என்னக்கா சொன்னேன்? நான் சரியாத்தானே சொன்னேன்?"னு கேட்டான். நான் மறுபடி போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கலை. மாமியார் நம்பருக்குப் போட்டா அதுவும் அப்படித்தான். பையில எங்கயோ கிடந்திருக்கு. புதுக்கோட்டையில இருந்து கறம்பக்குடிக்குப் பறந்தா போக முடியும்? பஸ்ல ஏறுனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

அந்த நர்சிங் ஹோமுக்குக் கீழே ஒரு மெடிக்கல் ஷாப். அங்க பில்லு போடுற சாஃப்ட்வேரும் நம்மளுதுதான். அந்தக் கடைக்காரர் பிரிண்டர்ல பேப்பர் சிக்குனாக்கூட எனக்குத்தான் போன் பண்ணுவார். அவர் நம்பருக்கு அடிச்சேன். எடுத்தார்.

"அண்ணே, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. மேல தியேட்டர்ல கவிதான்னு ஒரு பொண்ணு. அவளுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காது. போட்டா உயிருக்கு ஆபத்து. ஓடிப்போய் கதவைத் தட்டிச் சொல்லுங்க. பென்சிலின் போடாதேன்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

அவர் போனைக் கல்லாப் பக்கத்துல வச்சிட்டு ஓடுறது கேட்டுச்சு. செருப்புச் சத்தம் படியேறிப் போச்சு. அப்புறம் ஃபேன் சத்தம். யாரோ ஒரு பொம்பளை வந்து, "தம்பி, காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை"ன்னு கேட்டுட்டு, ஆளைக் காணோமேன்னு முனகுச்சு. நான் போனைக் காதுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டே செந்திலைப் பாத்து, நம்ம ஸ்கிரீன் ஓடுற சர்வரை நிறுத்துடான்னேன். அவன் ஒரு கையில மவுஸைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால மாமியார் நம்பருக்கு மறுபடி போட்டுக்கிட்டு இருந்தான்.

சத்தம் கேட்டு முதலாளி ரூம்ல இருந்து வந்துட்டார். என்னன்னு கேட்டார், ரெண்டு வார்த்தையில சொன்னேன்.

"கறம்பக்குடிக்குச் சொல்லியாச்சுல்ல. அப்புறம் ஏம்மா மொத்தத்தையும் நிறுத்தணும்?"

"குளத்தூர்ல இந்த நிமிஷம் யாருக்கு ஊசி ஏத்திக்கிட்டு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"ரத்த குரூப்பும் அதுலதானே வருது? சுகர் அளவும் அதுலதான். எவனுக்காவது அவசரமா ரத்தம் ஏத்துற நேரத்துல ஸ்கிரீன் செத்துக் கிடந்தா, அந்தப் பழி யாரோடது? சரி பண்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலை சார்."

"சரி பண்ணிட்டு மாத்துங்க. நடுவுல நிறுத்துனா அவங்க நம்மளை நிறுத்திருவாங்க. இத்தனை பேர் குடும்பம் இருக்கு இதுல."

அவர் சொன்னது தப்புன்னு நினைச்சுடாதீங்க பிள்ளைகளா. நிறுத்துறதும் ஆபத்து, விடுறதும் ஆபத்து. ரெண்டு பக்கமும் ஆள் சாகலாம். அந்த நேரத்துல யோசிக்கிறதுக்கு எனக்கு ஒரே ஒரு பிடிதான் கிடைச்சுச்சு. ஸ்கிரீன் வரலைன்னா நர்ஸு கேட்கும். நோயாளிகிட்ட கேட்கும், டவுனுக்குப் போன் போடும், குரூப்பு தெரியாட்டி டெஸ்ட் பண்ணும். இல்லைன்னு எழுதியிருந்தா எதுக்குக் கேட்கப் போகுது? தெரியாதவங்க கேட்பாங்க சார், தெரிஞ்சுட்டதா நினைக்கிறவங்க கேட்க மாட்டாங்கன்னு சொல்லிட்டு, செந்தில் கையை நகர்த்திட்டு நானே நிறுத்தினேன். வேலை போனா போகட்டும்னு தோணலை, பொய் சொல்ல மாட்டேன். போயிருமேன்னு பயந்துக்கிட்டேதான் நிறுத்தினேன். வீட்டுல அப்ப என் சம்பளம் மட்டும்தான்.

உடனே போன்கள் ஆரம்பிச்சுச்சு. ஸ்கிரீன் வரலை, ஸ்கிரீன் வரலைன்னு. மத்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு போனை எடுங்க, இந்த வாரம் பாத்த அலர்ஜி விவரம் எதையும் நம்ப வேண்டாம், நோயாளிகிட்டயே கேட்கச் சொல்லுங்க, 'இல்லை'ங்கிற வார்த்தையை வாயில எடுத்தா பல்லைத் தட்டிருவேன்னு சொன்னேன்.

என் காதுல இருந்த போன்ல மறுபடி செருப்புச் சத்தம். மெடிக்கல் ஷாப்காரருக்கு மூச்சு வாங்குச்சு.

"அம்மா, ஊசி கொஞ்சம் ஏறிருச்சாம்மா. நான் கத்துனதும் நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு மூச்சு இழுக்குது. டாக்டர் உள்ளதான் இருக்காரு. என்னை வெளிய அனுப்பிட்டாங்க."

செந்தில் என் மொகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டான். பைக் சாவியை எடுத்தான். முதலாளி அதைப் பிடுங்கி மேசையில போட்டுட்டு, "வா, கார்ல போவோம்"னு அவன் தோளைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். அந்த மனுஷன் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

அப்புறம்தான் வெளியூர் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். ஒரு தம்பி எடுத்தான். "மேடம், மெயில்லயே போட்டிருக்கோமே, இதனால எதுவும் உடையாதுன்னு"ன்னான். "உடையலை தம்பி, உடைஞ்சிருந்தா நான் அன்னிக்கே பாத்திருப்பேன்"னு சொல்லிட்டு வச்சிட்டேன். திட்டக்கூடத் தெம்பு இல்லை.

கறம்பக்குடியில இருந்து தகவல் வரலை. கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியாம புது டபிள்யூ.எஸ்.டி.எல்.லைக் கருவியில போட்டுக் கிளாஸ்களைப் புதுசா எடுத்தேன். நம்ம புரோகிராம்ல பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. எங்கெங்க பழைய பெட்டியைத் தொட்டிருந்தோமோ அங்கெல்லாம் புரோகிராமைச் சரிபாக்குற கம்பைலர் கத்துச்சு. சிவப்பைக் கண்டு எனக்கு அழுகை வந்துச்சு, சந்தோஷத்துல. ஒரு வாரமா வாயைத் திறக்காம இருந்தது அப்பத்தான் பேசுச்சு. பழைய இடம் புதுக் கிளாஸ்ல பெரிய எழுத்து பூலியனா மாறியிருந்துச்சு. அதுக்கு மூணாவதா ஒரு பதில் தெரியும், 'நல்'னு, ஒண்ணும் வரலைன்னு அர்த்தம். அந்த மெயில் வந்த அன்னிக்கே கிளாஸை எடுத்துப் பழசோட ஒப்பிட்டிருந்தா அந்தச் சின்ன எழுத்து பெரிசானதே காட்டிக் கொடுத்திருக்கும். புது ஒப்பந்தம் வந்தா, ஓடுதோ ஓடலையோ, கிளாஸைத் திரும்ப எடுங்க. என்ன மாறியிருக்குன்னு ஒரு தடவை கண்ணால பாருங்க. தொழில் விஷயமா நான் சொல்றது இவ்வளவுதான், மிச்சத்தை செந்தில் சொல்லித் தருவான்.

சாயங்காலமாத்தான் முதலாளி போன் பண்ணினார். "புள்ளை பொறந்துருச்சு, பொம்பளைப் புள்ளை. தாயிக்கு ஆக்சிஜன் வச்சிருக்காங்க. கண்ணு முழிச்சிருச்சு. ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா இருக்கு"ன்னார். அப்புறம், "நீ நிறுத்துனது சரிதாம்மா"ன்னு மெதுவாச் சொன்னார். நான் பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன்.

அதோட முடியலை. அந்த ஒரு வாரத்துல அந்த ஸ்கிரீனைப் பாத்து யார் யாருக்கு ஊசி போட்டாங்கன்னு ஒவ்வொரு இடமாக் கேட்டோம். ஒரு நர்சிங் ஹோம்ல போனை எடுத்த ஆளு, "அப்படி எதுவும் இல்லைங்க மேடம்"னு சொன்னார். "பாத்துட்டு இல்லைங்கிறீங்களா, பாக்காம இல்லைங்கிறீங்களா?"ன்னு கேட்டேன். அவருக்குக் கோவம் வந்துருச்சு. வரட்டும்னு கேட்டேன். அவர் பாத்துட்டுத் திரும்பக் கூப்பிடுற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கலை. நல்லவேளையா வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆகலைன்னு எங்களுக்கு வந்த பதிலை நான் நம்புறேன்.

ஸ்கிரீன்ல இப்ப நீங்க பாக்குற மூணு வார்த்தையும் அதுக்கப்புறம் வந்ததுதான். ஒத்துக்காது, ஒத்துக்கும், தெரியாது கேளுங்க. மூணாவது மஞ்சள்ல மின்னும். கண்ணை உறுத்துதுன்னு உங்கள்ல ஒருத்தர் மாத்தச் சொன்னதாச் செந்தில் சொன்னான். உறுத்தட்டும்.

கவிதா வீட்டுக்கு வந்தப்புறம் குழந்தையைப் பாக்கச் செந்திலோட போனேன். அவ மாமியார் காப்பி போடப் போயிருந்துச்சு. புள்ளையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தவ, ஏதோ கேட்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்திருப்பா போல.

"அக்கா, அந்த நர்ஸுப் பொண்ணுகிட்ட நான் சொன்னேன்க்கா. சின்னதுல ஒரு ஊசி போட்டு மூஞ்சி வீங்குச்சுன்னு. அது கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, இல்லைன்னுதானே இதுல போட்டுருக்குன்னுச்சு. எங்க மாமியார்கிட்ட கேட்டுச்சு, அவங்க தெரியாதேம்மான்னாங்க. அதை யாருக்கா எழுதுனது?"

கருவியையும் கிளாஸையுமா அவகிட்ட சொல்ல முடியும்? "யாரும் எழுதலைம்மா. பதில் வராத இடத்துல அதுவாப் போட்டுக்கிருச்சு"ன்னேன்.

"யாருமே எழுதலையா?"

"யாருமே எழுதலை."

அவ புள்ளையைக் கொஞ்சம் நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டா. "படிச்சவங்க எழுதி வச்சிருக்காங்க, நமக்குத்தான் சரியா ஞாபகம் இல்லை போலன்னு நினைச்சேன்க்கா. நானேதான் கையை நீட்டுனேன்."